பின்னவள்

"குளிக்கிறப்பதான் கவனமா இருக்கோணும்," என்றாள் எதிரில் உட்கார்ந்திருந்தவள். "வென்னி கொதிக்குதா ஆறியிருக்குதான்னு அந்த இடத்துக்குத் தெரியாது. கையில ஊத்திப் பாத்துட்டு அப்புறம் மேலுக்கு ஊத்திக்கோணும். நான் ஒருக்கா அப்படியே ஊத்திட்டேன். சாயங்காலம் ஜாக்கெட் ஒட்டினப்பத்தான் கொப்புளம் கட்டியிருக்கறதைப் பாத்தேன்."

"உணர்ச்சி திரும்பி வரவே வராதுங்களா?"

"வலதுபக்கம் ஒரு வருஷத்துல வந்துடுச்சு. முழுசா இல்ல, கனமான துணிக்கு மேல தொட்டாப்பல. இடதுபக்கம் வரலை. சில பேருக்கு ரெண்டும் வந்துடுதாம். நமக்கு வரலை."

நமக்கு என்ற சொல் கோகிலவாணியை என்னவோ செய்தது. எதிரில் இருந்தவள் வேறு யாருமில்லை, அவளேதான். தளர்ந்த மார்பைத் தூக்கித் தைக்கும் அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டு அதன்பின் பத்து வருஷம் வாழ்ந்துவிட்ட கோகிலவாணி. அறையின் ஒரு சுவர் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. அதற்குள் இங்கே இருப்பது போலவே ஒரு நாற்காலி, அதில் அவள். காதோரம் நரைத்திருந்தது. முகம் ஒடுங்கிக் கழுத்தெலும்பு தெரிந்தது. ஆனால் கோகிலவாணியின் கண் முதலில் போனது முகத்துக்கு அல்ல. பருத்திப் புடவைக்குள் மார்பு இருபது வயதில் இருந்த இடத்தில் இருந்தது. திருப்பூரில் அவள் வேலை பார்க்கும் உள்ளாடைக் கம்பெனியில் சாம்பிள் மாட்டிப் பார்க்கிற டம்மிக்கு இருப்பது போல. அந்த டம்மியைத் தினமும் கட்டிப்பிடித்துக் கொக்கி மாட்டுகிறவள் கோகிலவாணிதான். ஒரு வாய் சோறு தின்னாத, ஒரு பிள்ளையும் பெறாத அந்த உருவத்தின் மேல் அவளுக்கு மூன்று வருஷமாகப் பொறாமை.

காலையில் ஆலோசகர் ஜெசிந்தா எல்லாவற்றையும் விளக்கியிருந்தாள்.

"அழகுக்காகக் கத்தி வைக்கிற யாரா இருந்தாலும் இது கட்டாயம். டாக்டர் எவ்வளவு சொன்னாலும் காதுல ஏறாதுங்க. தன் வாயாலயே கேட்டாத்தான் ஏறும். உங்க ஸ்கேன், ரத்தம், இத்தனை நாளா வீட்டுல நாங்க குடுத்துவிட்ட கருவியோட நீங்க பேசினது எல்லாத்தையும் வச்சு உங்களை மெஷின்ல முன்னால ஓட்டிப் பாக்குறோம். பத்து வருஷம் கழிச்சு இருக்கிற ஆளா வந்து உட்காருவாங்க. நாங்க பின்னவங்கன்னு சொல்வோம். ஒரு மணி நேரம் பேசலாம். ஆனா உடம்பைப் பத்தி மட்டுந்தான் கேக்கணும்."

"அதுக்கப்புறம்?"

"அழிச்சிடுவோம்."

"அவங்களுக்கு அது தெரியுங்களா?"

"தெரியும். தெரியாம வச்சிருக்கக் கூடாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு." இதைச் சொல்லும்போது ஜெசிந்தா மேசைமேல் இல்லாத தூசியைத் துடைத்தாள். "என்ன முறை சொல்லிக் கூப்பிடறதுன்னு எல்லாரும் கேப்பாங்க. முக்கால்வாசிப் பேர் அக்கான்னுதான் கூப்பிடுறாங்க."

உள்ளே வருவதற்குமுன் கணவன் தினகரன் காதோடு சொன்னான்: "உன்கிட்ட நீயே யோசனை கேக்கப் போறே. ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு என்னைத் திட்டாம இருந்தாச் சரி." மூன்று வயது மகள் ஆதிரையை வைத்துக்கொண்டு அவன் வெளியே நடைக்கூடத்தில் இருந்தான். காத்திருப்பவர்களின் பைகளை எல்லாம் எட்டிப் பார்த்து அவள் இந்நேரம் மூன்று பேரிடமாவது பிஸ்கட் வாங்கியிருப்பாள்.

"தழும்புங்க்கா?" என்றாள் கோகிலவாணி.

பின்னவள் தன் மார்புக்கு முன்னால் விரலால் காற்றில் வரைந்து காட்டினாள். காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து நேராகக் கீழே ஒரு கோடு, அடிமடிப்பில் பிறைபோல ஒன்று. "நங்கூரமாட்டம் இருக்கும். மொத வருஷம் செக்கச்செவேல்னு கெடந்துது, அப்புறம் வெளுத்துடுச்சு. நல்லாத்தான் தைச்சிருக்காங்க. நம்ம கம்பெனி ஓவர்லாக் தையலைவிடப் பரவால்ல."

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஒரே மாதிரி, மூக்கைச் சுருக்கிக்கொண்டு. மூலையில் இருந்த ஜெசிந்தாகூடச் சிரித்தாள்.

"பெருசாவும் தெரியுதுங்க்கா."

"பெருசாகறதில்ல கண்ணு. இருக்கறதைத்தான் மேல தூக்கி வச்சுத் தைக்கறாங்க. மிச்சத் தோலை வெட்டிப்போடறாங்க. பெருசா வேணும்னா அது வேற ஆபரேஷன். இதுவுங்கூட அப்படியே நிக்கும்னு நெனச்சுக்காதே. எனக்கே ரெண்டு வருஷமா எறங்கிட்டுத்தான் இருக்குது. பூமி இழுக்கறதை நிறுத்தறக்கு எந்த டாக்டரு இருக்காங்க? எடை ஏறி எறங்குனாலும் போச்சு. இன்னொரு புள்ளை பெத்துக்கற யோசனை இருந்தா மொதல்ல அதைப் பெத்துட்டு வா. இல்லைன்னா இத்தனையும் வீணாப்போயிரும். பாலும் வரும்னு சொல்ல முடியாது."

"நீங்க பெத்துக்கலீங்களா?"

"இல்ல," என்றாள் பின்னவள். "அப்புறம் வேண்டாம்னு ஆயிருச்சு."

அந்தப் பதிலில் ஏதோ ஒரு கதவு சாத்தப்பட்டது. கோகிலவாணி அதைக் கவனித்தாள், ஆனால் கேட்க இன்னும் நிறைய இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னாலேயே மார்பை எக்ஸ்ரே எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னாள் பின்னவள். பின்னால் கட்டி கிட்டி வந்தால் உள்ளே இருக்கும் தழும்பு எது, கட்டி எது என்று குழம்பாமல் இருக்குமாம். ரெண்டு பக்கமும் அச்சில் வார்த்தது போல வராது என்றாள். மல்லாந்தே படுக்க வேண்டும், ராத்திரிகூட இறுக்கிப் பிடிக்கும் பாடி போட்டுக்கொண்டு தூங்க வேண்டும் என்றாள்.

"இத்தனையும் தெரிஞ்சு, திரும்பப் பண்ணிக்கோன்னா பண்ணிக்குவீங்களா?"

பின்னவள் யோசித்தாள். "மொத தடவை ஜாக்கெட் போட்டுக் கண்ணாடி முன்னால நின்னப்ப அழுதேன். சந்தோஷத்துலதான். என்ர உடம்பு எனக்குத் திரும்பக் கெடைச்சாப்பல இருந்துது. அது பொய்யில்ல கோகிலா. அதுக்கு ஆசைப்பட்டது தப்புன்னு யாராச்சும் சொன்னா நம்பாதே." பிறகு மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். "ஆனா ஆறு வாரம் புள்ளையைத் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"ஆறு வாரந்தானுங்களே."

"ஆறு வாரந்தான்," என்றாள். "தூக்கு தூக்குன்னு கையை நீட்டிட்டு நிப்பா. உக்காந்தா மடியில ஏறறக்கு வருவா, இவரு புடிச்சு இழுத்துட்டுப் போவாரு. அழுவா. அப்புறம் அழறதை வுட்டுட்டா. என்னைப் பாத்தாக் கையைப் பின்னால கட்டிக்குவா. பெரிய மனுஷியாட்டம்."

கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. ஆதிரை அப்படித்தான் செய்வாள்.

"தூக்கலாம்னு சொன்ன அன்னிக்கு வந்து எப்பவும் படுக்கற பக்கமே படுத்தா. இடதுபக்கம். அவ கன்னம் வைக்கற எடம் உனக்குத் தெரியுமில்ல? எனக்கு அது தெரியலை. பாரம் தெரிஞ்சுது, அவ்வளவுதான். சூடு தெரியலை." பின்னவளின் குரல் மாறவில்லை. யாரிடமோ பல தடவை சொல்லித் தேய்ந்த குரலில் அவள் சொல்லிக்கொண்டே போனாள். "ஐப்பசி மழையில ஒரு நாளு அப்படித்தான் வந்து படுத்தா. ராத்திரி பூரா என் மேலதான் கெடந்தா. விடிஞ்சு, இவரு தொட்டுப் பாத்துட்டுத்தான் கத்துனாரு, ஏண்டி புள்ளை நெருப்பாக் கொதிக்குதே, உனக்குத் தெரியலையான்னு."

"அப்புறம்?"

ஜெசிந்தா எழுந்துவிட்டாள். "உடம்பைப் பத்தி மட்டும்மா. ரெண்டு பேருமே."

"அக்கா, அப்புறம் என்னாச்சு? அவளுக்கு இப்ப பதிமூணு இருக்குமே. என்ன படிக்கிறா?"

பின்னவள் மறுபடி மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். அவள் இதுவரை பேசியதில் ஆதிரைக்கு மூன்று வயதைத் தாண்டி ஒரு நாள்கூட ஆகவில்லை என்பது அப்போதுதான் கோகிலவாணிக்கு உறைத்தது.

ஜெசிந்தா சுவரில் எதையோ அழுத்தினாள். கண்ணாடிக்குள் இருந்தவளின் மூச்சுச் சத்தம்வரை நின்றுபோயிற்று. அவள் அங்கேயே இருந்தாள், இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி இங்கே பேசுவது அங்கே கேட்காது.

"இது ஜோசியம் இல்ல," என்றாள் ஜெசிந்தா. கோகிலவாணியின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "நல்லாக் கேளுங்க. உடம்பைப் பத்தி மெஷின் சொல்றதுக்கு ஆதாரம் இருக்கு. லட்சம் பேரோட உடம்பைப் பாத்திருக்கு. உணர்ச்சி போறது நிஜமாவே நடக்கக்கூடியது. ஆனா ஒரு மனுஷி பத்து வருஷம் வாழணும்னா உடம்பு மட்டும் பத்தாதே. வீடு வேணும், வேலை வேணும், நல்லது கெட்டது வேணும். அதையெல்லாம் நீங்க பேசினதுல இருந்து எடுத்து அதுவே கோத்துக்கும். சும்மா நிரப்புறது."

"என் புள்ளையைச் சாகடிச்சு நிரப்புமா?"

ஜெசிந்தா தன் கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் எதையோ தேடினாள். கொஞ்ச நேரத்தில் அறைக்குள் கோகிலவாணியின் குரலே கேட்டது, வீட்டு அடுப்படியின் விசில் சத்தத்தோடு. உங்கள் மகள் எப்படி இருக்கிறாள் என்று கருவி கனிவாகக் கேட்கிறது. அதுங்களா, நோஞ்சானுங்க, எங்க தேறப்போகுது என்கிறது குரல். அடுத்த நாள்: ஒண்ணும் திங்கறதில்லீங்க, எலும்பும் தோலுமாக் கெடக்குது. இன்னொரு நாள், கருவி குழந்தையின் சிரிப்பைக் கேட்டுவிட்டு எவ்வளவு உற்சாகமாக இருக்கிறாள் என்று வியக்கிறது. குரல் அவசரமாக மறுக்கிறது: ஐயோ, அது சீக்குப் புடிச்ச புள்ளைங்க. நிக்குமோ நிக்காதோன்னு நானே பயந்துட்டிருக்கேன்.

"அது சும்மா சொல்றதுங்க!" கோகிலவாணி கத்தியேவிட்டாள். "கண்ணு பட்டுறக் கூடாதுன்னு சொல்றது. புள்ளை நல்லாத் திங்கறா, கொழுகொழுன்னு இருக்கான்னு யாராச்சும் ஊராங்ககிட்டச் சொல்வாங்களா? யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன். வாயில தானா வந்துரும்."

"எங்க வீட்லயும் அப்படித்தாங்க சொல்வாங்க," என்றாள் ஜெசிந்தா மெதுவாக. "என் பையனைக் கரிக்கட்டைன்னுதான் கூப்பிடுவாங்க. எனக்குத் தோணவே இல்ல பாருங்க. இத்தனை பேருக்கு இதைப் போட்டுக் காட்டியிருக்கேன்."

கருவி எங்கோ, பிள்ளையைப் பற்றிப் பெருமையாகப் பேசினால் ஒன்றும் ஆகாத ஊரில் செய்யப்பட்டது. தாய் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று அது நம்பியது. சீக்காளிப் பிள்ளை, தேறாது, நிற்காது. அந்த வார்த்தைகளுக்கு ஏற்ற முடிவை அது நேர்மையாகத் தேடி, உணர்ச்சியில்லாத இடதுபக்கத்தையும் ஐப்பசி மழையையும் சேர்த்துக் கட்டிவிட்டது.

"அப்ப அவளுக்கு ஒண்ணும் ஆகாது. அப்படித்தானுங்களே?"

"இது ஜோசியம் இல்லைன்னு சொன்னேனே."

"அது எனக்குப் பதில் இல்லீங்க."

ஜெசிந்தா களைத்துப்போன முகத்தோடு பார்த்தாள். "நீங்க அப்படிப் பேசினதாலதான் இது வந்துதுன்னு நான் நினைக்கிறேன். உறுதியாச் சொல்ல முடியாது. மெஷின் காரணம் சொல்லாது. நாம இதை விட்டுடலாம். நீங்க மறுபடி ஒழுங்காப் பேசிக் குடுங்க, புதுசா ஒருத்தங்களை வரவைக்கலாம். அவங்க நல்லா இருப்பாங்க."

"இவங்க?"

"நேரம் முடியப்போகுது. இப்பவே நிறுத்திடலாம்."

கோகிலவாணி கண்ணாடியைப் பார்த்தாள். அங்கே இருந்தவள் எழுந்து நின்றிருந்தாள். கேட்காவிட்டாலும் ஏதோ நடக்கிறது என்று தெரிந்துவிட்ட முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் கோகிலவாணி பிறந்ததிலிருந்து வாழ்கிறாள். அதில் என்ன ஓடுகிறது என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அவங்ககிட்டச் சொல்லோணும்."

"வேண்டாம். சொல்லிடாதீங்க. இன்னும் கொஞ்ச நேரந்தான். நிம்மதியாப் போகட்டும்."

"என்ன நிம்மதிங்க? புள்ளை செத்துப்போன நிம்மதியா?"

ஜெசிந்தாவின் கை சுவரருகே போய்த் தயங்கி நின்றது. பிறகு அழுத்தியது. மூச்சுச் சத்தம் திரும்ப வந்தது.

கோகிலவாணி சொன்னாள். கோர்வையாக வரவில்லை. கருவி, அடுப்படி, கேட்ட கேள்வி, தான் சொன்ன பதில். சொல்லச் சொல்ல அது எவ்வளவு அற்பமான விஷயம் என்பது அவளுக்கே கூசியது. அக்கம்பக்கத்து ஆளுக்குச் சொல்கிற ஒரு சாக்குப் பேச்சு. அதிலிருந்து ஒரு காய்ச்சல், ஒரு விடியல், பத்து வருஷம்.

பின்னவள் கேட்டாள்: "நோஞ்சான்னா சொன்னே?"

"ஆமாங்க்கா."

"நானுந்தான் சொன்னேன். அந்தக் கருவிகிட்ட. எனக்கும் ஞாபகம் இருக்குது, குக்கர் கத்திட்டிருந்துது." அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "பத்து வருஷமா அதையேதான் நெனச்சுட்டிருந்தேன் கோகிலா. என் வாய்தான் அவளைத் தின்னுருச்சுன்னு. எல்லாரும் சொன்னாங்க, அப்படியெல்லாம் இல்ல, பேச்சுல புள்ளை சாகுமான்னு. இவரு சொன்னாரு. டாக்டர் சொன்னாங்க. ராத்திரியெல்லாம் அவங்க சொன்னதை நம்பப் பாத்தேன். கொஞ்சங்கொஞ்சமா நம்பவும் ஆரம்பிச்சிருந்தேன்."

கோகிலவாணிக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது. இந்த உலகத்தில் அது வெறும் பேச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவர்கள் இருவருமாகச் சேர்ந்து சொன்ன அந்த ஒரு சொல்லைத் தவிர ஆதிரை சாக வேறு காரணமே இல்லை. பத்து வருஷத்தில் ஒருத்தி பிடித்துவைத்திருந்த ஒரே கொம்பையும் இவள் பிடுங்கிவிட்டாள். அதுவும் அவள் போகிற நேரத்தில்.

"அக்கா, மன்னிச்சுக்கங்க."

"என்கிட்ட நீ எதுக்கு மன்னிப்பு கேக்கறே. நீயும் நானும் வேறயா?" பின்னவள் சிரிக்கப் பார்த்தாள், மூக்கு மட்டும் சுருங்கியது. சட்டென்று அது நின்றது. "இரு. அப்ப அங்க அவ சாகலை."

"இல்லீங்க்கா."

"இருக்கறாளா?"

"வெளிய இருக்கா. அவங்கப்பாகூட."

பின்னவள் தலையைச் சாய்த்தாள். கதவுக்கு வெளியே நடைக்கூடத்தில் யாரோ ஒரு குழந்தை ஓடுவதும், ஓர் ஆண் குரல் அடக்கிக் கூப்பிடுவதும் கேட்டன. பின்னே ஒரு சிரிப்பு. இந்த அறையில் கேட்பது கண்ணாடிக்குள்ளும் கேட்கும். பின்னவளின் கை தானாக எழுந்து இடது மார்பின்மேல் போய்ப் படிந்தது. அழுத்திப் பார்த்தாள். அங்கே ஒன்றும் தெரியவில்லை என்பது அவள் கண்ணில் தெரிந்தது.

"பேஷண்டைத் தவிர யாரும் உள்ள வரக்கூடாது," என்றாள் ஜெசிந்தா, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணாடிக்குள் விளக்கின் வெளிச்சம் ஏற்கெனவே மங்க ஆரம்பித்திருந்தது. நேரம் முடிவதற்கான அறிகுறி அது.

கோகிலவாணி எழுந்து கதவருகே போய்விட்டிருந்தாள். கை கைப்பிடியில் இருந்தது. எதற்காகப் போனாள், திறக்கவா அல்லது யாரும் திறந்துவிடாமல் அடைத்து நிற்கவா என்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளை பிறந்த நாளிலிருந்து எத்தனை கண்களிலிருந்து அதை ஒளித்து வைத்திருக்கிறாள்! பஸ்ஸில் உற்றுப் பார்த்த கிழவி, கம்பெனியில் கன்னத்தைக் கிள்ளிய சூப்பர்வைசர். அவையெல்லாம் ஒரு கண்ணா? மண்ணுக்குள் போட்ட பிள்ளையைப் பத்து வருஷமாகத் தேடின கண் இதோ, அவளுக்குப் பின்னால் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டி நிற்கிறது. அது அவளுடைய கண்ணேதான். அதனாலேயே அதற்குத்தான் அவள் அதிகம் அஞ்சினாள்.

"கோகிலா," என்றாள் பின்னவள். குரலில் பிடிவாதம் இல்லை. கடையில் இன்னும் கொஞ்சம் கறிவேப்பிலை கேட்பவளைப் போலத் தாழ்ந்து கேட்டாள். "கிட்டக் கூட்டிட்டு வர வேண்டாம் சாமி. என்னை அவ பாக்கவும் வேண்டாம், பயந்துக்குவா. நான் ஒண்ணுமே பேச மாட்டேன். நல்லா இருக்கான்னுகூட மனசுல நெனைக்க மாட்டேன். நீ அந்தக் கதவை மட்டும் சித்தத் திறந்து வுடு. அவ இப்படிக்கா ஓடறதை ஒருக்கா பாத்துக்கறேன். வுடறயா?"